விலைப் பட்டியலைக் கடைக்காரரே மாற்றட்டும்: நிலையான தளத்தில் திருத்தக்கூடிய ஒரு பக்கம்

தென்காசி பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குத் தளம் செய்து கொடுத்தேன். மொத்தம் ஐந்து பக்கம். வெறும் ஹெச்டிஎம்எல், ஒரு சிஎஸ்எஸ் கோப்பு, கொஞ்சம் படங்கள். டேட்டாபேஸ் இல்லை, லாகின் இல்லை, மாதாமாதம் அப்டேட் செய்ய வேண்டிய பிளகின் எதுவும் இல்லை. இந்த மாதிரித் தளத்தைத்தான் நிலையான (ஸ்டாட்டிக்) தளம் என்கிறோம். சிக்னல் மந்தமான தோட்டத்தில் நின்றுகொண்டு திறந்தாலும் சட்டென்று திறக்கும். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு வாரம் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "தம்பி, நெல்லிக் கன்னு தீந்துபோச்சு, அத எடுத்துவிட்ருங்க. கொய்யா அம்பது ரூவாய அறுபது ஆக்கிருங்க." சரி அண்ணாச்சி என்று மாற்றினேன். மூன்று நாளில் அடுத்த போன். மழை பிடித்ததும் தினமும் போன். ஒரு மாற்றத்துக்கு இரண்டே நிமிடம்தான். அதற்குக் காசு கேட்கக் கூச்சம், சும்மா செய்துகொண்டே இருக்கவும் எரிச்சல். பாதி நேரம் நான் பஸ்ஸில் இருப்பேன், லேப்டாப் வீட்டில் இருக்கும். அதுவரை தீர்ந்துபோன நெல்லி, தளத்தில் விற்பனைக்கு இருக்கும்.

இதைத் தீர்த்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹெச்டிஎம்எல் எழுதத் தெரிந்து, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷன் எழுதும் அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும். நிரலை வரி வரியாக ஒட்டப்போவதில்லை. அது முப்பது வரிகூட வராது. இதில் சிரமம் இருப்பது நிரலில் இல்லை.

1. எது மாறும் என்று முதலில் கேளுங்கள்

"பக்கத்தை நானே மாத்துற மாதிரி வேணும்" என்று வாடிக்கையாளர் சொன்னால், உடனே எடிட்டர் தேடிப் போகாதீர்கள். கடந்த இரண்டு மாதத்தில் அவர் அனுப்பிய வாட்சாப் செய்திகளை எடுத்துப் படியுங்கள். என்னென்ன மாற்றச் சொன்னார் என்று ஒரு தாளில் குறியுங்கள். நான் குறித்தபோது வந்தது இவ்வளவுதான்: விலை, இருப்பு, எப்போதாவது ஒரு புது ரகம். "எங்களைப் பற்றி" பக்கத்தை அவர் ஒரு முறைகூடத் தொடச் சொல்லவில்லை. முகப்புப் படத்தையும்தான்.

ஆக, அவருக்கு வேண்டியது பக்கம் திருத்தும் கருவி அல்ல. ஒரு பட்டியலில் சில கட்டங்களைத் திருத்தும் வசதி. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் வேலை பாதியாகிவிடும். எழுத்தின் நிறம், அளவு, படம் வைக்கும் இடம் எதையும் அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்தால் ஒரு வாரத்தில் பக்கம் திருவிழா பேனர் ஆகிவிடும். சொந்த அனுபவம்.

2. நான்கு வழிகள், எனக்குப் பிடித்த ஒன்று

பலரும் முதலில் நினைப்பது வேர்ட்பிரஸ். 2003-இலிருந்து இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். தளத்தின் ஒரு துணைக் கோப்புறையில் நிறுவி, ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு விலைப் பட்டியலுக்காக டேட்டாபேஸ், தீம், பிளகின் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்து, அவற்றைக் காலம் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்து விளம்பரம் நட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது, டீகேப் சிஎம்எஸ். சிஎம்எஸ் என்றால் நிரலைத் தொடாமல் உள்ளடக்கத்தைத் திருத்த உதவும் மென்பொருள். முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ் என்று இருந்தது, 2023-இல் பெயர் மாறியது. தளத்தின் கோப்புகள் கிட்ஹப்பில் சேமிக்கப்பட்டு, ஹியூகோ, ஜெக்கில், லெவன்டி மாதிரி நிலையான தளம் உருவாக்கும் கருவி ஏதாவது ஒன்றில் கட்டப்படுகிறது என்றால் இது அருமையான தேர்வு. வாடிக்கையாளர் ஒரு படிவத்தில் திருத்துவார், அது கிட்டில் ஒரு கமிட்டாக, அதாவது பதிவான ஒரு மாற்றமாக, போய்ச் சேரும். நீளமான கட்டுரை, செய்தி, அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் லாகின் ஏற்பாடு புதியவர்களைக் கொஞ்சம் படுத்தும்.

மூன்றாவது, நீங்களே ஒரு பிஹெச்பி படிவம் எழுதுவது. கடவுச்சொல், செஷன், கோப்பில் எழுதும் அனுமதி என்று எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில். பழகியவர்கள் செய்யலாம். முதல் முறை செய்கிறவர்கள் வேண்டாம் என்பேன்.

நான்காவது, கூகுள் ஷீட்ஸ். பட்டியல் ஒரு ஷீட்டில் இருக்கும், அவர் போனிலேயே திருத்துவார், உங்கள் பக்கம் திறக்கும்போது அதைப் படித்துக் காட்டும். சர்வர் பக்கம் எதுவும் வேண்டாம், தளம் நிலையான தளமாகவே இருக்கும். கடவுச்சொல், லாகின் தலைவலியை கூகுள் பார்த்துக்கொள்ளும். பண்ணைக்கு நான் எடுத்தது இதுதான்.

3. ஷீட்டைத் தயார் செய்தல்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இங்கே மிச்சம் பிடித்த ஒவ்வொரு நிமிடமும் பின்னால் ராத்திரி போனாகத் திரும்பி வரும்.

ஷீட் யார் கணக்கில் இருக்க வேண்டும்? கடையின் ஜிமெயில் கணக்கில். நீங்கள் எடிட்டராகச் சேர்ந்துகொள்ளுங்கள். நாளைக்கு உங்களை விட்டு வேறு ஆளிடம் போனாலும் பட்டியல் அவரோடு இருக்கும். "லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்" என்ற அனுமதியை மட்டும் எந்த அவசரத்திலும் கொடுக்காதீர்கள்.

முதல் வரிசை தலைப்பு. நான் வைத்தது: பெயர், ரகம், உயரம், விலை, இருப்பு. நிரல் இந்தத் தலைப்புகளை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்கும். ஆகவே யாராவது "விலை" என்பதை "விலை ரூ." என்று அழகுபடுத்தினால் பக்கத்தில் விலை முழுக்க வெறுமையாகிவிடும். டேட்டா மெனுவில் ஷீட்டையும் பகுதியையும் பாதுகாக்கும் வசதி உண்டு. முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்துப் பூட்டுங்கள். ஒரு விஷயம்: ஷீட்டின் உரிமையாளரை அந்தப் பூட்டு தடுக்காது. உரிமையாளர்தான் நம் அண்ணாச்சி. அதனால் பூட்டுக்குப் பதில் "திருத்தும்போது எச்சரிக்கை காட்டு" என்ற தேர்வை வைத்தேன். கை தவறிப் பட்டால் ஒரு பெட்டி எழுந்து கேட்கும். அது போதும்.

இருப்பு நெடுவரிசைக்குத் தட்டச்சே வேண்டாம். இன்சர்ட் மெனுவில் செக்பாக்ஸ் போடுங்கள். இருந்தால் டிக், தீர்ந்தால் டிக்கை எடுத்துவிடு, அவ்வளவுதான். தட்டச்சு செய்ய விட்டால் "உள்ளது", "இருக்கு", "உண்டு", "ஸ்டாக் இருக்கு" என்று நான்கு விதமாக வரும். நிரலுக்கு நான்கும் வேறு வேறு சொல்.

பெயர் நெடுவரிசைக்கு டிராப்டவுன் வைத்தேன்: மா, கொய்யா, நெல்லி, சப்போட்டா, எலுமிச்சை, தென்னை. ரகத்தை மட்டும் அவர் எழுதட்டும்: இமாம்பசந்த், லக்னோ 49, பிகேஎம் 1 என்று.

உயரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கன்று இரண்டு அடியிலிருந்து மூன்று அடி இருக்கும் என்பதற்கு அவர் 2-3 என்று போட்டார். ஷீட் அதை மார்ச் 2 என்று எடுத்துக்கொண்டது. பக்கத்தில் மாங்கன்றின் உயரம் ஒரு தேதியாகக் காட்சி தந்தது. ஃபார்மேட் மெனுவில் நம்பர் என்பதற்குள் "பிளெயின் டெக்ஸ்ட்" இருக்கிறது. உயரம், போன் எண் மாதிரி நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து இதைப் போட்டுவிடுங்கள். போன் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யம் காணாமல் போவதும் இதிலேயே தீரும். தேதி நெடுவரிசை உண்மையிலேயே வேண்டும் என்றால் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 5/4 என்பது ஏப்ரல் ஐந்து ஆகாது, மே நான்காம் தேதி ஆகும்.

விலை? நம் ஊரில் 120 என்று யாரும் எழுதுவதில்லை, 120/- என்றுதான் எழுதுவார்கள். அது எண் அல்ல, எழுத்து. இரண்டு வழி உண்டு: டேட்டா வேலிடேஷனில் எண் மட்டும்தான் ஏற்பேன் என்று கட்டாயப்படுத்தலாம், அல்லது நிரலில் எண் தவிர மற்றதைக் கழித்துவிடலாம். ஐம்பது வருடப் பழக்கத்தோடு மல்லுக்கட்டுவானேன் என்று நான் இரண்டாவதைச் செய்தேன். 1,250 என்று காற்புள்ளியோடு வந்தாலும் இதுவே சரிசெய்துவிடும். பைசாவும் எழுதுகிற கடை என்றால் மட்டும் புள்ளியைக் கழிக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் 12.50 என்பது 1250 ஆகிவிடும்.

4. வலையில் வெளியிடுதல்

இதைக் கணினியில் செய்யுங்கள். ஃபைல் மெனு, அதில் ஷேர், அதற்குள் "பப்ளிஷ் டு வெப்". வரும் பெட்டியில் முழு ஆவணம் என்று இருப்பதை மாற்றி, பட்டியல் உள்ள டேபை மட்டும் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே வடிவம் கேட்கும். சிஎஸ்வி (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) என்று கொடுங்கள். கீழே, மாற்றம் நடந்தால் தானாக மறுபடி வெளியிடு என்ற தேர்வு டிக் ஆகி இருக்க வேண்டும். பப்ளிஷ் அழுத்தினால் ஒரு நீண்ட லிங்க் வரும், அதன் கடைசியில் சிஎஸ்வி என்று முடியும். அதுதான் நமக்கு வேண்டியது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருப்பது திருத்தும் லிங்க். புதியவர்களில் பாதிப் பேர் அதைக் காப்பி செய்துவிட்டு ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

ஷேர் செய்வதும் பப்ளிஷ் செய்வதும் வேறு வேறு. ஷேர் என்பது யார் திருத்தலாம், யார் ஷீட்டைத் திறக்கலாம் என்பது. பப்ளிஷ் என்றால் அந்த டேபில் இருப்பது ஊருக்கே தெரியும். ஷீட் பூட்டியே இருந்தாலும் சரி.

நான் சறுக்கியது இங்கேதான். தளம் வேலை செய்ய ஆரம்பித்துச் சில நாள் கழித்து வேறு எதற்கோ ஷீட்டைத் திறந்தால், விலைக்குப் பக்கத்தில் "வாங்கின ரேட்" என்று புதிதாக ஒரு நெடுவரிசை. கணக்கு ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அண்ணாச்சி சேர்த்திருக்கிறார். பக்கத்தில் அது தெரியவில்லை, ஏனென்றால் நிரல் அதைக் கேட்கவில்லை. ஆனால் சிஎஸ்வியில் ஒவ்வொரு கன்றின் அடக்க விலையும் பளிச்சென்று இருந்தது. லிங்க் பக்கத்தின் நிரலிலேயே இருக்கிறது. மெனக்கெட்டால் யாரும் பார்க்கலாம். அவசரமாக எடுத்துவிட்டு, கணக்குக்கென்று தனி ஷீட் போட்டுக் கொடுத்தேன். அதே ஷீட்டில் இன்னொரு டேபாக அல்ல, தனிக் கோப்பாக. நெடுவரிசையை மறைத்து வைப்பதையும் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள்.

5. பக்கத்தில் கொண்டுவருதல்

விலைப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் ஒரு அட்டவணை வையுங்கள். அதன் உடல் பகுதிக்கு (டிபாடி) ஒரு ஐடி கொடுங்கள். உள்ளே இன்றைய பட்டியலை கையாலேயே எழுதி வையுங்கள். அதுதான் ஷீட்டிலிருந்து வரப்போகிறதே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், காரணம் கீழே வருகிறது.

பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் அந்த சிஎஸ்வி லிங்கைப் படிக்க வேண்டும். வந்த எழுத்தை வரிசை, கட்டம் என்று பிரிக்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, காற்புள்ளியை வைத்து வெட்டுவது. ரகத்தில் "ஒட்டு, 2 வருடம்" என்று ஒரு காற்புள்ளி வந்தால் சிஎஸ்வி அந்தக் கட்டத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்பும். உங்கள் கத்தி அதையும் இரண்டாக வெட்டிவிடும், அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். விலை இருக்க வேண்டிய இடத்தில் உயரம் நிற்கும். கட்டத்துக்குள் எண்டர் தட்டினாலும் இதே கதிதான். இதற்கென்றே பாப்பா பார்ஸ் என்ற லைப்ரரி இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், நல்ல சமர்த்துப் பாப்பா. முதல் வரிசையைத் தலைப்பாக எடு, காலி வரிசைகளை விட்டுவிடு என்று இரண்டு தேர்வுகளைச் சொன்னால், ஒவ்வொரு வரிசையையும் "பெயர்", "விலை" என்று கேட்டு வாங்கும்படி கொடுத்துவிடும். அந்தக் கோப்பையும் உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அட்டவணை வரிசை உருவாக்கிச் சேர்க்க வேண்டும். கட்டத்தில் எழுத்தைப் போடும்போது டெக்ஸ்ட்கன்டென்ட் பயன்படுத்துங்கள், இன்னர்ஹெச்டிஎம்எல் வேண்டாம். இன்னர்ஹெச்டிஎம்எல் என்றால் ஷீட்டில் யாராவது எழுதிய எதுவும் உங்கள் பக்கத்தில் நிரலாக ஓட வாய்ப்பு உண்டு. வாடிக்கையாளர் அப்படிச் செய்ய மாட்டார், சரி. அவருடைய கணக்கைத் திருடியவர் செய்வாரே.

செக்பாக்ஸ் சிஎஸ்வியில் ஆங்கிலத்தில் ட்ரூ, ஃபால்ஸ் என்று பெரிய எழுத்தில் வரும். ஃபால்ஸ் என்றால் அந்த வரிசையை நீக்குவதா, மங்கலாகக் காட்டுவதா? நான் மங்கலாக்கி "தற்போது இல்லை" என்று போட்டேன். நெல்லி இந்தப் பண்ணையில் கிடைக்கும், இப்போது தீர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆள் போன் செய்து எப்போது வரும் என்று கேட்பார். நீக்கிவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

6. தமிழ் செய்யும் சேட்டைகள்

பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப் 8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் குறியாக்கம்) என்று அறிவித்திருக்கிறீர்களா பாருங்கள். ஷீட்ஸ் அனுப்பும் சிஎஸ்வி யூடிஎஃப் 8-தான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தக் கோப்பை இறக்கி எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியலாம். ஷீட் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். எக்செல் எழுத்துக் குறியாக்கத்தைத் தவறாக யூகித்திருக்கும், அவ்வளவுதான்.

பெரிய சேட்டை பாமினி என்ற பழைய எழுத்துரு. கடையில் ஏற்கெனவே அச்சடித்த விலைப் பட்டியல் இருக்கும். டிடிபி சென்டரில் தட்டிய கோப்பைக் கொண்டுவந்து ஷீட்டில் ஒட்டுவார்கள். ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று வரும். பாமினியில் தமிழ் என்பது எழுத்துருவின் முகமூடி மட்டுமே, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரிக் கருவிகள் இதைச் செய்யும். பட்டியல் சின்னது என்றால் போனை எடுத்து ஜிபோர்டு கீபோர்டில் தமிழில் பேசிவிட்டாலே வேலை முடிந்தது. அண்ணாச்சி இப்போது அப்படித்தான் செய்கிறார், தட்டுவதே இல்லை.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. "கொய்யா" என்ற சொல்லில் க-வோடு சேரும் ஒகரக் குறி, ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தும் வரலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், நிரலுக்கு இரண்டும் வேறு. பழ வகை வாரியாகப் பிரித்துக் காட்ட நினைத்தால் பாதிக் கொய்யா காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் அதை ஓட்டுங்கள். கூடவே ட்ரிம் செய்து முன்னும் பின்னும் உள்ள இடைவெளியையும் நீக்குங்கள்.

7. ஷீட் வராத நேரம்

கூகுள் எப்போதும் வரும் என்று நினைத்துத்தான் எல்லோரும் எழுதுகிறோம். நெட் பாதியில் நிற்கும், அலுவலக நெட்வொர்க் தடுக்கும், யாராவது பப்ளிஷை நிறுத்திவிடுவார்கள். அப்போது பக்கம் வெறுமையாக நிற்கக் கூடாது. அட்டவணைக்குள் கையால் எழுதிய பட்டியல் இதற்குத்தான். ஃபெட்ச் சரியாக வந்து, குறைந்தது ஒரு வரிசையாவது படிக்க முடிந்தால் மட்டுமே பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இல்லாவிட்டால் பழையது அப்படியே இருக்கட்டும். கீழே "விலையை உறுதிசெய்ய அழைக்கவும்" என்று போன் எண்ணோடு ஒரு வரி காட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கையால் எழுதிய அந்தப் பட்டியலைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாமல் பக்கத்தைப் படிக்கும் தேடுபொறிகளுக்கும் கருவிகளுக்கும் இந்தப் பட்டியல் உதவும்.

கன்றுகளின் புகைப்படத்தையும் அவரே மாற்ற வேண்டும் என்றால் இந்த வழி திணறும். ஷீட்டில் படத்தின் பெயரை எழுதலாம், படத்தை ஏற்றுவது வேறு வேலை. பண்ணையில் படம் மட்டும் இன்றும் என் வேலைதான், வருடத்துக்கு இரண்டு முறை. அதைவிட அதிகம் தேவைப்பட்டால் டீகேப் பக்கம் போங்கள்.

8. ஒப்படைத்தல்

வீடியோ எடுத்து அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். நேரில் போய், அவருடைய போனில், அவர் கையாலேயே செய்ய வையுங்கள். ஷீட்ஸ் செயலியை நிறுவி, பட்டியலை முகப்புத் திரையில் ஒரு ஐகானாக வைத்துக் கொடுங்கள். ஒரு விலையை மாற்றச் சொல்லுங்கள், ஒரு டிக்கை எடுக்கச் சொல்லுங்கள், கடைசியில் புது வரிசை ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் போனைத் தொடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும்.

எல்லாம் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு இருக்கும். கணினியில் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது, நேற்று இருந்தபடி திரும்பக் கொண்டுவர முடியும். இதை வேண்டுமென்றே ஒரு முறை அவர் எதிரிலேயே செய்து காட்டினேன்: மொத்தப் பட்டியலையும் அழித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. திரும்பக் கொண்டுவந்ததும்தான் டீ சொன்னார்.

ஒன்றை மட்டும் நான் சொல்ல மறந்தேன். ஷீட்டில் மாற்றியது பக்கத்தில் உடனே தெரியாது. கூகுள் மறுபடி வெளியிடச் சுமார் ஐந்து நிமிடம் ஆகும், சில நேரம் இன்னும் கூட. அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்தது. "தம்பி, நானே மாத்திட்டேன். ஆனா மாறலையே?" பேசிக்கொண்டிருக்கும்போதே மாறிவிட்டது. இப்போது தலைப்பு வரிசையில் "விலை" கட்டத்துக்கு ஒரு குறிப்பு போட்டு வைத்திருக்கிறேன்: மாற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள் அண்ணாச்சி.